வால் விளக்கு

இன்றைக்கும் மாமனார் கம்பி நீட்டிவிட்டார். தையல் கடையிலிருந்து வந்த மருமகள் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடினாள். சாயங்காலமானால் மனுஷர் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ரயில் ஓடாத அந்த ரயில் பாதை.

கணவன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டான். “இன்னொரு தடவை போனாருன்னா ரூம்ல வெச்சுப் பூட்டிட வேண்டியதுதான்.” பேச்சோடு நிற்காமல் பூட்டும் வாங்கி வந்துவிட்டான். பெற்ற அப்பனைப் பூட்டுவதாம்!

தண்டவாளத்தின் மேல் முட்புதர் மண்டிக் கிடந்தது. ஸ்டேஷன் என்று பேர் சொல்ல ஒரு சுவர் மிச்சம். டிக்கெட் கொடுத்த ஓட்டை வழியாக ஓர் ஆடு எட்டிப் பார்த்தது. “உனக்கென்ன வேடிக்கை?” என்று அதன்மேல் எரிந்து விழுந்தாள்.

சுண்ணாம்புக் கல் ஏற்றிய லைன் அது. குவாரி மூடியதும் பயணிகள் வண்டி மட்டும் கொஞ்ச காலம் தள்ளாடியது. ஒரு மழையில் பாலத்தூண் விரிசல் விட, கடைசி வண்டியை முந்தின ஸ்டேஷனிலேயே நிறுத்தி ஜனங்களை பஸ்ஸில் அனுப்பினார்கள். லெவல் கிராஸிங் கேட்டை மூடிவிட்டு நின்ற கேட்கீப்பர் மாமனாருக்குச் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விடிய விடிய நின்றார். விடிந்தபின் வந்த சேதியை வயசு அவர் ஞாபகத்திலிருந்து அழித்துவிட்டது. அவர் காத்து நின்றது மட்டும் அழியவில்லை.

இதோ, கேட் இருந்த இடத்தில் நிற்கிறார். இருட்டிக்கொண்டு வந்தது, இடி வேறு.

“மாமா, வீட்டுக்கு வாங்க. வண்டி போயாச்சு.”

“வால் விளக்கு எரிஞ்சுதா?”

“எந்த விளக்கு மாமா?”

“கடைசிப் பெட்டியோட செவப்பு விளக்கைப் பாக்காம கேட்டைத் தொறக்கலாமா? புத்தி இருக்கா உனக்கு? பின்னால ஒரு பெட்டி கழண்டு நின்னு, ஜனம் குறுக்க போறப்ப உருண்டு வந்தா யாரு பதில் சொல்றது?”

இழுத்துப் பார்த்தாள். எலும்பும் தோலுமான மனுஷர் அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. உள்ளே லைனிங் துணி, நல்ல சிவப்பு.

புதருக்குப் பின்னால் போய், செல்போன் டார்ச்சைப் போட்டு, துணியைச் சுற்றி முதுகுப் பக்கம் இடுப்பில் செருகினாள். யாராவது பார்த்தால் மானம் போகும். போகட்டும்! தண்டவாளத்தின் நடுவே, முள்ளையும் பாராமல் தடதடவென்று ஓடி வந்து, அவரைத் தாண்டியும் நிற்காமல் ஓடினாள்.

“எரியுது! வால் விளக்கு எரியுது!” என்று பின்னால் குரல் உடைந்து கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது, இல்லாத கேட்டை அவர் தள்ளித் திறந்துகொண்டிருந்தார். ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, “போங்க, போங்க. ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, “டியூட்டி முடிஞ்சுதும்மா. கால் வலிக்குது,” என்றார்.

வாசலில் கணவன் பூட்டோடு நின்றான். “என்னடி, இடுப்புல என்னமோ செவப்பா எரியுது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “கடைசி வண்டி வந்துருச்சுடா. இனிமே நான் நிக்க வேண்டாம்.”

கணவன் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் காலில் தைத்திருந்த முள்ளை எடுக்க உட்கார்ந்தான்.