2107-ஆம் கட்டு

என் மனைவி கோமதி இப்போது 2107-ஆம் கட்டு. மூன்றாவது ரேக், நாலாவது தட்டு. பொருள்: வைத்தியம். ஏடுகள்: 84. நிலை: குறை. அட்டவணையில் இதை எழுதியது நான்தான். ஓலைச்சுவடி நூலகத்தில் எனக்கு அதுதான் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி, அதே முதுகுவலி.

அவள் கட்டாகி வருஷம் ஒன்றாகப் போகிறது.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டேன். கோமதி எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பார்த்து இருப்புச் சரிபார்ப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை எபனேசர் என்கிற அதிகாரி வந்து கட்டுகளை எண்ணுவார். பதிவேட்டில் இருப்பது 4,316. அவர் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் 4,315 தான் வந்தது. 2107-ஐக் காணோம்.

ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அது விதி. கணக்குச் சரியாகும்வரை வாசல் கதவும் வாசலில் இருக்காது. எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை.

கோமதி ரேக் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எபனேசர் அவளைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது என்ன?”

“என் வீட்டுக்காரி.”

“எண் இருக்கா?”

“இல்லை.”

“இங்க ஒரு ஆளுக்கு எண் இல்லை. அங்க ஒரு எண்ணுக்கு ஆள் இல்லை. பிறகென்ன?”

மணி ஐந்தரை. காலையிலிருந்து நின்று நின்று எனக்குக் கால் விண்விண்ணென்று தெறித்தது. அவர் பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெட்கங்கெட்ட வேலைதான். இல்லை என்று சொல்லவில்லை. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நான் அப்படித்தான் நினைப்பேன்.

கோமதி சண்டை போடவில்லை. எண் எழுதிய சீட்டைக் கையில் கட்டிக்கொண்டாள். தூக்கை என்னிடம் கொடுத்து, “ரசம் சிந்திராம எடுங்க” என்றாள். பிறகு நாலாவது தட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவு திரும்பி வந்தது. நான் மட்டும் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவளை அட்டவணையில் ஏற்றவேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் தொடக்க வரி, இறுதி வரி இரண்டும் எழுதவேண்டும். தொடக்கத்துக்கு வெகுநேரம் யோசித்தேன். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை ஞாபகம் வந்தது. சொஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்விட்ச் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஃபேனைக் கொஞ்சம் குறைங்க” என்றாள். அதை எழுதினேன். இறுதி வரிக்கான இடத்தை வெறுமனே விட்டேன். இறுதி இல்லாத கட்டுக்குக் குறை என்றுதான் போடவேண்டும். போட்டேன்.

முன்பெல்லாம் என் மேஜையிலிருந்து மூன்றாவது ரேக் பன்னிரண்டு எட்டு. கோமதி அங்கே போன பிறகு அது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேரப் பதினொரு மணி ஆகிறது. பாதி வழியில் ஒரு பஸ் நிறுத்தம்கூட வந்திருக்கிறது. பஸ் வருவதில்லை. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

முதல் இரண்டு மாதம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். சீட்டு எழுதிக் கொடுத்து 2107-ஐக் கேட்பார்கள்.

“தீராத தலைவலிக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“சுக்கை இழைச்சுப் பத்துப் போடு. வெயில்ல அலையாத. காலையில ஏதாவது சாப்பிடு.”

அவர் பயபக்தியுடன் எழுதிக்கொண்டார். கோமதிக்கு முகமெல்லாம் பூரிப்பு. வீட்டில் அவளை யாரும் இவ்வளவு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாதம், ஆட்கள் கேட்டு வாங்கும் கட்டுகளுக்கு மட்டும் பூச்சி வராமல் புல்தைலம் தடவினோம். தைலம் தடவும்போது ஏடுகளை எண்ணவேண்டும். கோமதியை எண்ணினேன். 79. மறுபடி எண்ணினேன். 79 தான். ஆட்கள் புரட்டப் புரட்ட ஏடு உதிரும். எந்தக் கட்டுக்கும் உள்ளதுதான்.

“நம்ம வீட்டுக் கிணறு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“பின்னால. முருங்கை மரத்தடியில.”

“முருங்கை இருக்கா? நல்லது.”

ஆறாம் மாதம் 60.

“வாணிக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

வாணி எங்கள் ஒரே பெண்.

“ஆயிட்டு கோமு. நாலு வருஷமாச்சு.”

“நான் வந்திருந்தேனா?”

“நீதான் பந்தி வாசல்ல நின்னு எல்லாரையும் சாப்பிட்டுப் போகச் சொன்னே.”

“சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்க.”

சுவடி அறையில் ஈரம் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. அதனால் பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்து அழுதேன்.

அவளை முழுசாக உதிர விடக்கூடாது. எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அதற்கு ஒரே வழி, உண்மையான 2107-ஐக் கண்டுபிடிப்பது. கட்டு கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஏடு தின்னும் ராமபாணப் பூச்சிகள் எனக்கு வழிவிட்டன. அவற்றுக்கும் என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது.

ஒன்பதாம் மாதம் 2106-க்கு வந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். மேலே 110 ஏடு சோதிடம். கீழே 84 ஏடு வைத்தியம். இரண்டையும் ஒரே மரச்சட்டத்துக்குள் வைத்து ஒரே கயிற்றால் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் முடிச்சு.

எல்லாம் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தைல நாள். கயிறு தீர்ந்துபோயிருந்தது. நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். அடுத்த வருஷம் கயிற்றை அவிழ்க்காமலே மொத்தமாக எண்ணி, 2106-க்கு 194 ஏடு என்று நானே எழுதியும் வைத்திருக்கிறேன். இந்தப் பத்தொன்பது வருஷமும் 2107-இன் சீட்டு மட்டும் தனியாகத் தட்டில் தொங்கி ஏமாற்றியிருக்கிறது. போன வருஷம்தான் அது அறுந்து விழுந்திருக்கவேண்டும். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

84 ஏட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு எபனேசரிடம் ஓடினேன். அவர் அலுவலகம் நடைவழியின் மறுகோடியில் இருக்கிறது. முன்பு அங்கே சுவர்தான் இருந்தது. அவர் மேஜையில் வெற்றிலைத் தட்டும் ஒரு பதிவேடும் மட்டும் இருந்தன.

“2107 கிடைச்சிட்டு. என் வீட்டுக்காரியை விட்டிருங்க.”

அவர் நிதானமாக எண்ணினார். 84. பழைய பதிவில் இருந்த முதல் வரி, கடைசி வரி எல்லாம் ஒத்துப்போயின.

“இதுதான் அண்ணாச்சி. சந்தேகமே இல்லை. எங்க இருந்தது?”

“2106-க்குள்ள.”

பதிவேட்டைப் புரட்டினார்.

“2106-க்கு 194 ஏடு. இப்ப எவ்வளவு இருக்கு?”

“110.”

“84 குறையுதே.”

“அது உங்க கையில இருக்கு.”

“இது 2107.”

“ஆமா.”

“அப்ப 2106-க்கு 84?”

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

“194-னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“கையெழுத்து?”

“அதுவும் நான்தான்.”

“பிறகு நான் என்ன செய்ய? பிரிச்ச கட்டுக்கு ஏடு குறையக்கூடாது. திரும்ப உள்ள வச்சுக் கட்டிருங்க.”

“பத்தொன்பது வருஷமா இது உள்ள இருந்திருக்கு. நீங்க பார்க்கலையே?”

“பிரிக்காத கட்டை நான் எதுக்குப் பிரிக்கணும்? வெளிய தொங்குற சீட்டைத்தான் எண்ணுவேன். உள்ள எத்தனை பேர் இருந்தா எனக்கென்ன?”

திரும்பக் கட்டினேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவில்லை.

இன்று மறுபடியும் இருப்புச் சரிபார்ப்பு. மேஜையைத் துடைத்தேன். பேனாவை மூடி வைத்தேன். தூக்கில் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரசம் நான் வைத்ததுதான், வாயில் வைக்க விளங்காது. நாலாவது தட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

கோமதி பன்னிரண்டு ஏடாக இருந்தாள். மெலிந்து, ஓரமெல்லாம் பழுப்பேறி, ஆனாலும் நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள்.

“யாரு?” என்றாள்.

“அட்டவணை எழுதுறவன்.”

“என்ன எண்?”

“எண் இல்லை.”

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“நின்னுக்கிட்டே இருக்காதீங்க. கால் வலிக்கும். இப்படி உக்காருங்க.”

ஏறி உட்கார்ந்தேன். மேல்சட்டத்தை இறக்கினேன். கயிற்றை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அதே முடிச்சுதான். நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று இந்தத் தடவை நினைக்கவில்லை.

எபனேசர் எண்ணிக்கொண்டே வந்தார். எங்கள் சீட்டைத் தொட்டார்.

“2107. இருக்கு.”

கையில் தூக்கிப் பார்த்தார்.

“கனமாயிருக்கே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டில் திரும்ப வைத்துவிட்டு 2108-க்குப் போனார்.

சாயங்காலம் கணக்குச் சரியாக வந்தது. 4,316. கையெழுத்துப் போட ஆளைக் காணோம் என்று அவர் வெகுநேரம் கூப்பிட்டார். “அண்ணாச்சி! அண்ணாச்சி!” கதவு வாசலுக்குத் திரும்பி வந்த சத்தம் கேட்டது. அவர் போனார்.

நான் கோமதிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கிணறு பின்னால் இருக்கிறது. முருங்கை மரம் இருக்கிறது. வாணிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரிந்தது கொஞ்சம்தான். அவளைக் கேட்டு வைத்திருக்கவேண்டும். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். ஏதோ யோசனையாக என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குச் சொஜ்ஜித் தட்டோடு நின்றபோதும் இப்படித்தான் பார்த்தாள்.

“ஃபேனைக் கொஞ்சம் குறைங்க” என்றாள்.

ரேக்கில் ஃபேன் கிடையாது. கையை நீட்டிக் குறைத்தேன்.