லினேயோவின் விருந்தாளி

என் வீட்டுப் பின்கட்டு அறையில் எத்தனையோ மாணவிகள் தங்கிப் போயிருக்கிறார்கள். கொமோரோவிலிருந்து வந்து தினமும் அழுதவள், பெம்பாவிலிருந்து வந்து கல்யாணம் கட்டிக்கொண்டு ஓடிப்போனவள், படிப்பதாகச் சொல்லி வருடம் முழுக்கத் தூங்கிய டாங்கா ஊர்க்காரி. எல்லோரையும் கட்டி மேய்த்தவள் நான், இந்த ரிஸிகி. ஆனால் லினேயோ படுத்திய பாடு யாரும் படுத்தவில்லை. பாவம், அவள் வேண்டுமென்று செய்யவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

லெசோத்தோ என்ற மலை தேசத்திலிருந்து வந்தாள். மருந்துக்கும் கடல் இல்லாத ஊர். அங்கிருந்து கிளம்பி, மீனையும் கடற்பாசியையும் பற்றிப் படிக்க எங்கள் ஸான்சிபாருக்கு வந்திருக்கிறாள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாணவிகளோடு பேசிப் பழகிய அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்.

"ஏண்டி, உங்க ஊர்ல படிக்கிறதுக்கு ஆடு மாடு இல்லையா?"

"ஆட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க எங்க அப்பாவே போதும்மா. அவரு மனுஷங்களோட பேசுறதே கம்மி" என்றாள்.

வாய்க்காரி என்று எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர்கள் மலைப்பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு வந்த முதல் பெண் அவள். கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம், ஆரம்ப நாட்களில் வகுப்புக்கு வராதவர்களின் இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும் என்று. "அந்த பெஞ்சுல ஒரு இடம்மா, அவ்வளவுதான். அது போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?" என்று கேட்டாள்.

வந்த அன்றே எங்கள் வாசல் மரியாதையைச் சொல்லிக்கொடுத்தேன். யார் வந்தாலும் வெளியே நின்று "ஹோடி" என்பார்கள். உள்ளே இருப்பவர் "கரிபு" என்றால்தான் காலெடுத்து வைக்க வேண்டும். "ஆனா கரிபு சொல்றதுக்கு முன்னாடி யாருன்னு கேளு. குரலைக் கேட்டதும் வாயைத் தொறந்துடாத" என்றும் சொன்னேன்.

"எங்க ஊர்ல கோ-கோன்னு சொல்லுவோம்மா. உள்ள இருக்கிறவங்க கேனான்னு சொல்லுவாங்க. யாருன்னெல்லாம் கேக்க மாட்டோம். அந்தக் குளிர்ல ஒரு ஆளை வெளிய நிக்க வச்சுக் கேள்வி கேட்டா பாவமில்லையா?"

அதோடு விட்டாளா? முற்றத்தில் நின்று, வந்தவளாகவும் வீட்டுக்காரியாகவும் தானே மாறி மாறிக் குரல் கொடுத்து நடித்துக் காட்டினாள். கோ-கோ. கேனா. கோ-கோ. கேனா. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் சிரிப்பு குறைந்தது. வகுப்பில் எல்லாரும் படபடவென்று சுவாஹிலியில் பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை என்றாள். ஆக்டோபஸ் குழம்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் ரொட்டியைக் கடித்தாள். இந்த வேக்காட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிற எனக்கு வியர்க்கும்.

ஒரு மத்தியானம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது.

"கோ-கோ."

பெண் குரல். இவள்தான் மறுபடியும் கூத்தடிக்கிறாள் என்று நினைத்தேன். உடனே லினேயோவின் குரல் கேட்டது. "கேனா! கேனா!" அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். பெற்ற தாயே வாசலில் வந்து நின்றதுபோல.

கையில் தேங்காய்ப் பூவோடு ஓடினேன். கதவு அகலத் திறந்திருந்தது. லினேயோ கட்டில் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒருவரும் இல்லை.

"எங்க ஊர்க்காரங்கம்மா. யாரோ வந்திருக்காங்க."

"எவடி வந்தா? முற்றத்துக்கு வரணும்னா என்னைத் தாண்டித்தான் வரணும். காக்கா குருவிகூட வரல."

சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைத்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்த அறையில் மட்டும் கிணற்றுக்குள் இறங்கினதுபோல் சில்லென்று இருந்தது. வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே வேறொரு குரல் பதில் சொன்னது. முதலில் அது முணுமுணுப்பாகத்தான் இருந்தது. போகப் போக லினேயோவின் குரல் மாதிரியே ஆகிவிட்டது. தேநீர் கொண்டுபோனால் இரண்டு கோப்பை கேட்டாள்.

"யாருடி அவ?"

"ஊர்க்காரிம்மா. எங்க மலைங்க பேரெல்லாம் சொல்றா. எங்க அப்பா ஆடுங்களைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டுக் காட்டுறா."

"முகத்தைப் பாத்தியா?"

"முகம் இன்னும் சரியா வரலம்மா" என்றாள், ஏதோ சோறு இன்னும் வேகவில்லை என்பதுபோல.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அடி கூறுகெட்டவளே, வகுப்புக்குப் போடி! உன் இடம் போயிடும்!" என்று கத்தினேன். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அழ ஆரம்பித்தாள். "போகச் சொன்னா போக மாட்டேங்குறாம்மா. நீதானே கூப்பிட்டேன்னு சொல்றா."

அதுவும் நியாயம்தானே. வா என்று கூப்பிட்டவரைத் துடைப்பத்தால் விரட்ட முடியாது. கூடவே நடந்துபோய் மரியாதையாக வழியனுப்பத்தான் வேண்டும். எங்கள் வழக்கம் அதுதான், அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம்.

பிற்பகல் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குக் கிளம்பினோம். லினேயோ முன்னால் நடந்தாள், நான் நாலு அடி பின்னால். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். எதிரே வந்த சனங்கள் அந்த வெற்று இடத்தில் இடிக்காமல் சுற்றிப் போனார்கள். மீன்கூடை சுமந்து வந்த ஒருவன் "மன்னிச்சுக்கம்மா" என்றுகூடச் சொல்லி விலகினான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கடல் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. "தண்ணி தொடங்குற இடத்துல நின்னுடு. அவ மட்டும் போகட்டும். திரும்ப வான்னு மட்டும் சொல்லித் தொலைக்காத" என்று சொல்லியிருந்தேன். அவள் நின்றாள். ரொம்ப நேரம் பேசினாள், தலையாட்டினாள். கடைசியில் திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் அறையிலும் பழைய புழுக்கம். அந்தப் புழுக்கத்தை நான் கொஞ்சியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அன்று என்னோடு உட்கார்ந்து மீனும் சோறும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"அவ்வளவு நேரம் என்னடி பேசினே?"

"வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு கேட்டாம்மா. எங்க ஊர்ல, வந்து தங்கின விருந்தாளிக்கு அந்த வீட்டுக்காரங்க ஒரு பேர் வைப்பாங்க. பேர் வைக்காம அனுப்பினா அசிங்கம்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "என்ன பேரு வச்சே?"

"நான் என்னம்மா கொண்டுவந்தேன்? என்கிட்ட இருந்தது ஒரு பேர்தான். அதைக் குடுத்தேன்."

அவளை ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை.

காலையில் அவளைத் தனியே விட மனம் வராமல், எங்கள் ஊர்ப் பெண்கள் போர்த்தும் கங்காத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் கல்லூரிக்குப் போனேன். வாசலில் காவலாளி அவளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான்.

"என்ன பொண்ணு, இப்பத்தானே உள்ள போனே? இன்னிக்குத்தான் அதிசயமா சுவாஹிலியில சலாம் சொன்னே, அதுக்குள்ள எப்ப வெளிய வந்தே?"

லினேயோ என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் வகுப்புக்கு ஓடினோம். வாத்தியார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம், அவள் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதே பின்னல், அதே மூக்கு. முகம் முழுசாக வந்துவிட்டிருந்தது. பக்கத்துப் பெண்ணோடு சுவாஹிலியில் கிசுகிசுத்துச் சிரித்தாள்.

தாமதமாக வருகிறவர்கள் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். என் பக்கத்தில் நின்றவள் மெல்ல, "ஹோடி" என்றாள்.

வாத்தியார் திரும்பவில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்தவள்தான் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரி விருந்தாளியைக் கூப்பிடுகிற அன்போடு, "கேனா" என்றாள்.

"பதில் சொல்லாதடி! அது உன் இடம். போய் அவளை எழுப்பு!" என்று காதில் சொல்லித் தள்ளிவிட்டேன். ஆனால் நல்ல வளர்ப்பு, வீணாய்ப் போன நல்ல வளர்ப்பு. என் பெண் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் போய், உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்கிறவள்போல் நின்றாள்.

இப்போது வாத்தியார் திரும்பினார். "யாரும்மா நீ? புதுசா? பேர் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். நெற்றியைச் சுருக்கி, எங்கேயோ வைத்துவிட்ட பொருளைத் தேடுகிறவள்போல் யோசித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பாவது வாத்தியாராவது என்று வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"லினேயோ!"

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றாள். நின்றுகொண்டிருந்தவள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, எல்லோரையும் போல அவளைப் பார்த்தாள்.