பதினெட்டு அடி மலை

சேது எழுதிக் கொடுத்த கடிதத்தில் கோயில் நிற்கும் இடம் ‘ஹீப் ஆஃப் எர்த்’, மண் குவியல், என்று இருந்தது. எங்கள் மக்கள் கொட்டியது என்றும் சேர்த்திருந்தார். பிரேமலா இரண்டு முறை படித்தாள்.

அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது அந்த முருகன் கோயில். தோட்டத்தை வாங்கிய புதிய கம்பெனி, கோயில் எப்படிப்பட்ட நிலத்தில் நிற்கிறது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தது. பிரேமலா கோயில் கமிட்டியின் செயலாளர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. சேது அவளுடைய அக்காள் புஷ்பாவின் கணவர், கமிட்டித் தலைவர். தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறவர்.

“அப்படியே டைப் அடிச்சு அனுப்பு” என்றார் சேது.

“குவியல்னு எழுதினா லோரி வந்து அள்ளிட்டுப் போயிரும்லா அத்தான். மலைன்னு எழுதுவோம். மலாவாத்தி மலைய எவனாச்சும் வெட்டுறானா?”

“அது சாமி வச்ச மலை. இது நம்ம கொட்டுன மண்ணு.”

“அத எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும்?”

“சொன்னா நல்லது.”

“யாருக்கு?”

சேது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “காரணம் இருக்கு. கேக்காத. ஒருத்தன் வேல போயிரும்.”

“யாரு வேல? உங்களுதா?”

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். “அப்படியே அனுப்பு. சரியா?”

பிரேமலா தலையாட்டினாள்.

அது கடலோரச் சமநிலம். எங்கு பார்த்தாலும் செம்பனையும் கால்வாயும். மலை இல்லாமல் முருகனை எப்படி வைப்பது என்று முதலில் வந்தவர்கள் கூடையில் மண் சுமந்து கொட்டினார்கள். பிறகு அதுவே வழக்கமானது. பங்குனி உத்திரத்தன்று வீட்டுக்கு ஒரு கூடை. பிள்ளை பிறந்தால் ஒரு கூடை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியான பிறகும் வழக்கம் நிற்கவில்லை. ரவாங்கிலிருந்தும் சுங்கை புரோங்கிலிருந்தும் கார் பூட்டில், அரிசிச் சாக்கில் மண் வருகிறது. இப்போது உயரம் பதினெட்டு அடி. தோட்டத்தில் எல்லோரும் மலை என்றுதான் சொல்வார்கள். ஈப்போவிலிருந்து பெண் எடுக்க வந்த ஒருவர், “மலை எங்கங்க, மேகம் மறைச்சிருச்சா?” என்று கேட்டார். அவருக்கு அந்த வீட்டில் பெண் கிடைக்கவில்லை.

பிரேமலாவின் மகன் நான்கு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. அவனுக்காக அவள் கிழக்குப் பக்கம் ஒரு கூடை மண் கொட்டினாள். அவன் வந்து போனதற்கு வேறு அடையாளம் இல்லை. மலையை வாரினால் அதுவும் லோரியில் ஏறும்.

சேதுவைக் கவனிக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்ட ஆபீஸ் பூட்டியிருக்கும். அந்த ஞாயிறு அவருடைய மோட்டார் சைக்கிள் அதன் பின்புறம் நின்றது. மறுநாள் காலை அவர் மலையைச் சுற்றி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, சும்மா என்றார். கைப்பேசி அடித்தால் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பேசினார்.

“ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி திவாகரன் கூடத்தான் பேச்சு” என்றாள் புஷ்பா. “என்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறாரு.”

“டாமான் குடியிருப்புல வீடு தரேன்னு கம்பெனிக்காரனுங்க சொல்லியிருப்பானுங்க.”

“வாய மூடுடி. உங்க அத்தான் அந்த மாதிரி ஆளா?”

புஷ்பா மீனைக் கழுவினாள். கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள்.

“அப்படி எதும் தெரிஞ்சா என்கிட்ட சொல்லு” என்றாள்.

மதிய இடைவேளையில் பிரேமலா ஸ்டோரில் உட்கார்ந்து கைப்பேசியில் அகராதியைத் திறந்தாள். ஹீப் என்பதற்கு எடுத்துக்காட்டுகள்: குப்பை, பழைய இரும்பு, துவைக்காத துணி. அதற்குக் கீழே உயரமான நிலத்துக்கான மற்றச் சொற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஹில்லாக், சின்னது. சின்னது என்றால் ஒரே நாளில் வெட்டிவிடலாம். நோல், மேடு. அதில் புல் வளர்ந்திருந்தது, கோல்ஃப் ஆடுகிறவர்களின் சொல். ஸ்லோப், சரிவு. அதில் ஏறுவதைவிட இறங்குவது அதிகம். ரைஸ், ஏற்றம். அது சாலைக்குத்தான் பொருந்தியது. கடைசியில் ஹில். இயற்கையாக உயர்ந்த நிலம், பெருமலையைவிடத் தாழ்ந்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ஹில் மிகப் பழையதாக இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

‘எ நேச்சுரல் ஹில்’ என்று அடித்தாள். எங்கள் மக்கள் கொட்டியது என்ற வரியை எடுத்தாள். செயலாளர் கையெழுத்து மட்டும் போதும். அனுப்பினாள். சேதுவிடம், “அனுப்பிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். பெயர் சிவானந்தம். கூட வந்த இரண்டு ஆட்கள் மலையைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்தார்கள். சேதுவும் பிரேமலாவும் கோயிலில் இருந்தார்கள்.

“என்னா சார் இது?” என்றார் சேது.

“திங்கக்கிழமை மெஷின் வருது. கோயிலக் கீழ எறக்கி வச்சுக்குங்க, எடம் தரோம். தோட்டத்துல இருக்கிற மேட்டயெல்லாம் வெட்டிப் பள்ளத்துக்குப் போடணும். பிளான் அப்படி.”

“ஜனங்க கட்டுனதையுமா வெட்டுவீங்க?”

“கட்டுனதத் தொட மாட்டோம். கரையோ கொளமோ, எதுவா இருந்தாலும். கோயிலக்கூட இடிக்கல, எறக்கத்தான் சொல்றோம். இது கட்டுனது இல்லையே. நேச்சுரல் ஹில்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

சேது கையை நீட்டினார். சிவானந்தம் கடிதத்தின் நகலைக் கொடுத்தார். சேது படித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பிரேமலாவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“திவாகரன் எனக்கு அந்த பிளான ரகசியமா காட்டுனான். ஜனங்க கட்டுனத விட்டுருவாங்கன்னு அதுல இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா அவன் வேல காலி. அதுக்குத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“உன்கிட்ட சொன்னா புஷ்பாகிட்ட சொல்லுவ. அவகிட்ட சொன்னா தோட்டத்துக்கே சொன்ன மாதிரி.”

அது உண்மை. பிரேமலா திரும்பிச் சிவானந்தத்திடம் நடந்தாள்.

“சார், இது மலை இல்ல. நாங்க சொமந்து கொட்டுனது.”

“லெட்டர்ல?”

“பொய்.”

“யாரு சொன்ன பொய்?”

“நான்தான். மலைன்னா தொட மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

சிவானந்தம் சேதுவிடமிருந்து நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அன்னைக்கு மலை வேணும்னு மலைன்னு எழுதுனீங்க. இன்னைக்கு மண்ணு வேணும்னு மண்ணுங்கிறீங்க. நான் எத நம்புறது?”

“என் மகனுக்காக நானே ஒரு கூடை கொட்டியிருக்கேன் சார்.”

“மகன் எங்க?”

சேது, “இல்ல சார்” என்றார்.

சிவானந்தம் முளை அடிப்பவர்களைக் கையால் நிறுத்தினார். “நாப்பது குடும்பம் எழுதித் தரணும். பேரு, அடையாளக் கார்டு ஐசி நம்பர், எந்த வருஷம் கொட்டுனீங்க, எதுக்கு. மெஷின வெள்ளிக்கிழம வரைக்கும் தள்ளிப் பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

அவர் போன பிறகு பிரேமலா கார் பானெட்டின்மேல் தாளை வைத்து எழுதினாள். இந்த மண் கையால் சுமந்து கொட்டப்பட்டது. கீழே நான்கு கட்டங்கள் போட்டாள். முதல் வரியில் தன் பெயரையும் வருடத்தையும் நிரப்பினாள். நீட்டினாள்.

சேது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

“வேற எதும் எழுதலயே?”

“இல்ல அத்தான்.”

“போன தடவையும் தலைய ஆட்டுன.”

முதல் வீடு சுங்கை புரோங்கில் இருந்தது. பிரேமலா தாளுக்குக் கை நீட்டினாள். சேது அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நீ வண்டிய ஓட்டு.”

அவள் ஓட்டினாள். தஞ்சோங் காராங் தாண்டி, நெல்வயல்கள் தொடங்கி, அந்த வீட்டு வாசலில் கார் நிற்கும்வரை, அவர் பையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.