இகாரி மீனுக்கு ஒரு கையெழுத்து

"செத்த மீனை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா?"ன்னு புரேத்தி நாலாவது தடவையா கேட்டான். அவன் பொண்டாட்டி ரூத்தா அந்த மீனைத்தான் அடுப்புல திருப்பிப் போட்டுட்டிருந்தா.

காலையில நடந்தது இதுதான். தீவோட எக்கோ ரிசார்ட்ல தங்கியிருக்கற கிரெக்ங்கற வெளிநாட்டுப் பல் டாக்டரை, கைடு வேலை பாக்கற புரேத்தி காயலுக்குள்ள கூட்டிட்டுப் போனான். முழங்கால் தண்ணி, அடியில வெள்ளை மணல். அங்க பிடிக்கற இகாரி மீனும் அதே நிறம்தான், நிழலை வச்சுத்தான் பிடிபடும். புரேத்திக்கு அந்தக் கண்ணு உண்டு. "இடது பக்கம் சார், நாப்பது அடி. மெதுவா இழுங்க." இறால் மாதிரி இறகும் நூலும் சுத்தின தூண்டில், அதையும் அவன்தான் கட்டிக் குடுத்தான். மீனு கவ்வுச்சு, கயிறு தீர்ற வரைக்கும் ஓடுச்சு, களைச்சுப்போய் வந்துச்சு.

பிடிச்ச மீனைத் தண்ணிக்கு மேல தூக்காம தூண்டில் முள்ளைக் கழட்டி விட்டுடணும். ரிசார்ட் சுவத்துல பெருசா எழுதியே வச்சிருக்காங்க, மீனை மதிக்கணுமாம். கிரெக் என்ன பண்ணாரு? தொப்பியோட ஒரு படம், தொப்பி இல்லாம ஒண்ணு, முத்தம் குடுத்துட்டு ஒண்ணு. "தண்ணி சார், தண்ணியில விடுங்க"ன்னு புரேத்தி கெஞ்சறான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ங்கறாரு அவரு. செவுள்ல ரத்தம் வந்துருச்சு. கீழ விட்டா மீனு ஒருக்களிச்சுப் படுக்குது. அதோட மூஞ்சியைத் தண்ணி ஓட்டத்துக்கு எதிரா திருப்பிப் பிடிச்சுக்கிட்டு கால்மணி நேரம் குனிஞ்சே நின்னான் புரேத்தி. இடுப்பு விட்டுப்போச்சு. மீனோட உசுரும் போயிருச்சு. கிரெக் அதுக்குள்ள முப்பதடி தள்ளி அடுத்ததைத் தேடிட்டிருந்தாரு.

திங்கற மீனை மிதக்கவிட்டு வர்ற மாதிரி புரேத்தியை யாரும் வளர்க்கல. பையில போட்டுக்கிட்டான். படகுல ஏறறப்போ வாலு வெளிய நீட்டிட்டிருந்துச்சு. மத்தியானமே ரிசார்ட்டுக்கு கிரெக்கோட புகார் போயிருச்சு, கைடு மீன் திருடறான்னு.

ரூத்தாவுக்கு வயிறு எரிஞ்சது அதுக்கு மட்டும் இல்ல. காலையில மீன் பிடிச்ச அந்த மணல்திட்டு அவங்க குடும்பம் காலங்காலமா வலை போட்ட இடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரிசார்ட் அங்க ஒரு போர்டு நட்டுச்சு. பாதுகாக்கப்பட்ட இடம், உள்ளூர்க்காரங்க மீன் பிடிக்கக் கூடாது. அன்னியிலிருந்து வீட்டுல சோறும் டின் மீனும்தான். காயலைச் சுத்தி வீடு, தட்டுல எவனோ எங்கயோ அடைச்ச டின்னு.

வெயில் தாழ தெபானோ வந்தான். ரிசார்ட் மேனேஜர், புரேத்திக்கு அத்தை மகன். அந்தப் போர்டை நட்டு, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டவனும் அவன்தான். பாயில உக்காந்ததும் ரூத்தா தட்டை வச்சா. பசியில வந்திருப்பான் போல, ரெண்டு துண்டு உள்ள போனதுக்கு அப்புறம்தான் கேட்டான்.

"இது என்ன மீனு?"

"நீங்க விசாரிக்க வந்த மீனுதான், அண்ணே. முள்ளு ஜாஸ்தி, பாத்து."

தெபானோ மூணாவது துண்டை எடுத்தான். "நல்லா வறுத்திருக்க."

"அத்தான், அது என் கையிலதான் செத்துச்சு. கொன்னது அவரு"ன்னான் புரேத்தி.

"எனக்குத் தெரியாதா? ஆனா அந்தாளு இணையத்துல எழுதிட்டா சீசனே படுத்துரும்டா." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். "நான்தான் திருடினேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வரி. ரெண்டு மாசம் வேலை இல்ல, அப்புறம் உன் கைடு கார்டைத் திருப்பித் தந்துருவேன்."

"நான் திருடல."

தெபானோ விரலைத் துடைச்சான், சம்மணம் போட்டு நிமிர்ந்தான். "புபுத்தி"ன்னான். "உன் கையெழுத்தைக் கேக்கறேன்."

புபுத்தின்னு சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டா இல்லைன்னு சொல்றது இந்தத் தீவுல கிடையாது. படகைக் கேட்டாலும் குடுக்கணும், போட்டிருக்கற சட்டையைக் கேட்டாலும் குடுக்கணும். மறுத்தவன் ஊர்க்கூடத்துல தலை நிமிர்ந்து உக்கார முடியாது. இல்லாதவன் இருக்கறவன்கிட்ட கேக்கறதுக்கு வச்ச வழக்கம் அது. அதை ரிசார்ட் காகிதத்துக்குக் கொண்டுவந்துட்டான் பாருங்க, அதைத்தான் ரூத்தாவால தாங்க முடியல.

புரேத்தி யாரையும் பாக்கல. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். காகிதத்துல எண்ணெய் விரல் பதிஞ்சு ஊறுச்சு.

தெபானோ எழுந்திரிக்கப் பாத்தான். ரூத்தா அடுப்பை விட்டு வந்து அவன் எதிர்ல உக்காந்தா. அவனை மாதிரியே சம்மணம், அவனை மாதிரியே நிமிர்ந்து.

"இருங்கண்ணே. உங்க வேலை முடிஞ்சுது, என்னது முடியல. புபுத்தி."

தெபானோ மறுபடி உக்காந்து, தட்டுல கிடந்த முள்ளு ஒண்ணை எடுத்துச் சப்பினான். "என்ன வேணும்?"

"அந்தப் போர்டு."

"எந்த..."

"திட்டுல நீங்க நட்டீங்களே, அது. வீட்டுக்கு வேணும். கேக்கறேன்."

"அது என்னோடது இல்லம்மா, கம்பெனியோடது."

"அவரு கையெழுத்தைக் கேட்டது மட்டும் உங்களுக்கா, கம்பெனிக்குத்தானே? வந்து கேட்டீங்க, குடுத்தாரு."

தெபானோ சிரிக்கப் பாத்தான், வரல. வாசல்ல பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் வந்து நின்னுட்டாங்க. இனிமே கேக்கவே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. புரேத்தி எழுந்து போய்ப் பின்னால தொங்கிட்டிருந்த வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். ரெண்டு வருஷமா தண்ணி படாத வலை, நடக்கறப்போ பழைய உப்பு வெள்ளை வெள்ளையா பாயில உதிர்ந்துச்சு.

தெபானோ ஒரு கையில காகிதத்தையும், இன்னொரு கையில சப்பின இகாரி முள்ளையும் வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். போர்டைக் குடுத்தா வேலை போகும், குடுக்கலைன்னா ஊர் போகும். நீங்க அந்தப் பாயில உக்காந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?