கதவு வைத்த படகு

எங்கள் படுக்கையறை ஓர் அறையே இல்லை, அது ஒரு வழி. துணி காயப்போடும் பால்கனிக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். இந்த வீட்டைக் கட்டிய மகராசன் கல்யாணமே ஆகாதவனாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. விடிந்ததும் நாத்தனார் ஈரத்துணி வாளியோடு வருவார். பின்னாலேயே மாமனார், தன் துண்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்க வருவார். இப்போதுதான் போட்ட துண்டு எப்படிக் காயும்? மறுபடி வருவார். உள்ளே வருமுன் கதவைத் தட்டுங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம வீட்டுக்குள்ள என்ன தட்டுறது, கொட்டுறது?" என்றார் நாத்தனார்.

அவரைக் கடிந்துகொள்ளவும் வாய் வராது. தாயில்லாத தம்பியைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர். வாழப்போன இடம் சரிப்படாமல் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டுச் சாவி அவர் இடுப்பில்தான். அக்கா எதிரே நின்றால் என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி.

தொழிலில் மட்டும் இவர் புலி. மொட்டைமாடி ஒழுகினால் அடைப்பவர். கூரையை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தே தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது என்று சொல்லிவிடுவார். தெருவில் எல்லோரும் இவரை 'ஓட்டை டாக்டர்' என்பார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் தொண்டைக்கு அதுதான் ஏற்ற தொழில் என்று மாமனார் சொல்வதுண்டு.

ஆற்றோரத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் கொட்டகைக் கூரையை அடைக்கப் போன இவர், ஒருநாள் என்னைக் கையோடு அழைத்துப் போனார். பட்டறைக்குப் பின்னால், புதருக்குள், கிழிந்த தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய கேபின் படகு முட்டுக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. பின்தளத்தில் ஒரு செடி முளைத்துப் பூவும் பூத்திருந்தது. சொந்தக்காரர் போன இடம் தெரியாது, அள்ளிக்கொண்டு போனால் எனக்கு இடமாவது மிச்சம் என்றாராம் பட்டறைக்காரர்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா? படகு ஓட்டத் தெரியுமா? புத்தி ஏதாவது கெட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்தேன்.

இவர் ஏணி வழியாக என்னை ஏற்றி, குனியவைத்து, கேபினுக்குள் கூட்டிப்போனார். எதிரெதிராக இரண்டு படுக்கைப் பலகைகள். தம்ளர் கழுவும் அளவுக்கு ஒரு தொட்டி. அலமாரி மாதிரி ஒரு கழிப்பறை. பூஞ்சை நாற்றம் குடலைப் பிடுங்கியது. இவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"யாராவது வர்றாங்களான்னு கேளு" என்றார்.

கேட்டேன். யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் கேட்டேன், அப்போதும் யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதே அன்றுதான் என்று தோன்றியது.

"வாங்கிடுங்க" என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் 'வேலை இருக்கு' என்று கிளம்புவோம். பொய்யும் இல்லை. படகு எங்களை அப்படி வேலை வாங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பெயின்டைச் சுரண்டினால் கீழே உளுத்த பலகை, பலகையைப் பெயர்த்தால் துருவேறிய ஆணி, ஆணியைப் பிடுங்கினால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த கட்டை கையோடு வந்தது. முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு எழுந்தால் இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருப்போம். இறுகிப்போன டீசல் இஞ்சினை மெக்கானிக் மூன்றுமுறை பார்த்துவிட்டு, நான்காம் முறை பரிதாபப்பட்டு ஓடவைத்தார். மெத்தை உறைகளை நான் தைத்தேன். கோணல்மாணலாக வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

இவர் ஒரு வேலையை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. ஓட்டை அடைப்பது. இவர் கண்ணுக்குப் படகு என்பது கவிழ்த்துப்போட்ட மொட்டைமாடி. ஊசி நுழையும் இடம் கண்டாலும் பசை, துணி, மறுபடி பசை. "ஒரு சொட்டு உள்ள வராது, பாத்துக்கோ" என்று மார்தட்டினார்.

அடுத்த வாரம் ஒரு பெருமழை. ஓடிப்போய்ப் பார்த்தோம். சொன்னபடியே கேபினுக்குள் ஒரு சொட்டு இல்லை. பின்தளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு காக்கைகள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தன. மழைத்தண்ணீர் வடிவதற்கென்று படகு செய்தவன் ஓரத்தில் விட்டிருந்த துளைகளையெல்லாம் இவர் சுத்தமாக அடைத்துவிட்டார்.

பட்டறைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், அடியில இஞ்சினுக்குத் தண்ணி எடுக்கிற துளை ஒண்ணு இருந்துச்சே, அதையாவது விட்டு வச்சீங்களா?"

இவர் முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம், அடைத்த ஓட்டைகளைத் தன் கையாலேயே டிரில் போட்டுத் திறந்தார். ஒவ்வொரு துளைக்கும் சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். நான் ஏணியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பெயின்டில் கலக்கும் தின்னர் வாடை எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என் புடவையை மோந்து பார்த்த நாத்தனார், அங்கே இங்கே விசாரித்து, அடுத்த ஞாயிறு மாமனாரையும் ஃப்ளாஸ்க் டீயையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஏண்டா, படகு வாங்கினதை அக்காகிட்ட மறைப்பியா?" என்று தம்பி காதைத் திருகினார். அதில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம். கேபினுக்குள் புகுந்து வலப்பக்கப் பலகையில் சாய்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. இது எனக்கு. எதிர்ல இருக்கிறது அப்பாவுக்கு. இனிமே லீவு நாள் பூரா இங்கதான்."

"நாங்க எங்க உக்கார்றது அண்ணி?"

"நீதான் வண்டி ஓட்டுவியே. அவன் உனக்குப் பக்கத்துல நிக்கட்டும்."

அத்தோடு விட்டாரா? படகின் முன்தளத்தில் நல்ல வெயில் அடிக்கிறது, துண்டு காயப்போடலாம் என்று கண்டுபிடித்தார். முன்தளத்துக்குப் போக ஒரே வழி, கேபினுக்குள் நுழைந்து மேல்மூடி வழியாக ஏறுவதுதான். மாமனார் உடனே தன் துண்டோடு கிளம்பினார். உள்ளே போனார், ஏறினார், போட்டார், இறங்கினார். சற்றுக் கழித்து, காய்ந்ததா என்று பார்க்க மறுபடி போனார்.

நான் அந்த அலமாரிக் கழிப்பறைக்குள் போய், முட்டி கதவில் இடிக்க உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கேட்டது மாளிகையா? ஒரு கதவு. அது கிடைத்தும், அதையும் இவர்கள் வழியாக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படும் அக்காவுக்கு."

"என் மனசு என்ன, கருங்கல்லா?"

அதன்பின் நான் இவரோடு பேசவில்லை. ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் மாமனாரிடம் சொல்வேன், அவர் பக்கத்தில் நிற்கும் இவருக்கு எடுத்துச் சொல்வார். படகு வேலைக்கும் போகவில்லை. இவர் மட்டும் தனியாகப் போய்க் கேபின் கூரையில் ஏதோ செய்துகொண்டிருந்தார். கடைசிப் பூச்சாக இருக்கும் என்று நினைத்தேன்.

படகை ஆற்றில் இறக்கும் நாளும் வந்தது. வானம் கறுத்திருந்தது. "வேற நாள் பாக்கலாமேடா" என்றார் நாத்தனார். மேகத்தைக் கண்டாலே வேலையைத் தள்ளிவைக்கிற மனிதர், "இல்லக்கா, இன்னைக்கே" என்று பிடிவாதமாக நின்றார். கிரேன் தூக்கி இறக்கியது. படகு ஒருமுறை குலுங்கி, மிதந்தது. அத்தனை கோபத்திலும் என் கண் நிறைந்துவிட்டது. நாங்கள் சுரண்டிச் சுரண்டிக் கட்டி எழுப்பிய படகல்லவா!

நான் சக்கரத்தைப் பிடித்தேன். ஆற்றில் பிரேக் கிடையாது என்று தெரிந்தும் என் வலது கால் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. முதல் வளைவைத் தாண்டியதும் மழை பிடித்தது. நாத்தனாரும் மாமனாரும் கேபினுக்குள் போய் அவரவர் பலகையில் கால் நீட்டினார்கள். இவர், பின்தளத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கூரைமேல் ஏறி, நனைந்துகொண்டே இறங்கி வந்தார்.

உள்ளிருந்து ஓர் அலறல்.

எட்டிப் பார்த்தேன். நாத்தனாரின் நேர்வகிட்டில் ஒரு சொட்டு. நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் ஒரு சொட்டு. கால்மாட்டுக்குப் போனார், அங்கே இரண்டு. எதிர்ப் பலகையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமனாரின் தொப்புளில் சரியாக ஒரு சொட்டு விழ, அவர் விருட்டென்று எழுந்து கூரையில் இடித்துக்கொண்டார்.

"ஏண்டா, ஊர் மாடியெல்லாம் அடைக்கிறவன் நீ! சொந்தப் படகு சல்லடை மாதிரி ஒழுகுது!"

"தெரியலக்கா. எங்கேருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியல" என்று முனகினார் இவர்.

இந்த மனிதருக்கு இருக்கும் ஒரே கௌரவம் அந்தத் தொழில். பேசுவதில்லை என்ற வைராக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி! புதுசா ஒரு வேலை செஞ்சா நாலு தப்பு வரத்தான் செய்யும். அதுக்காக இப்படியா பேசுறது?" என்று கத்தினேன். கார் பழக வருகிறவர்கள் நடுங்கும் குரல் அது.

"சறுக்கட்டும்மா, தாராளமா சறுக்கட்டும். என் தலையிலயா சறுக்கணும்? இனிமே இதுல கால் வச்சா என்னை என்னன்னு கேளு. படகைத் திருப்பு!"

திருப்பினேன். துறையில் இறங்கிய நாத்தனார் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். மாமனார் நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். வழியில் ஒதுங்கி நின்றவர்களிடமெல்லாம் நாத்தனார் படகைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போவது தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

இவர் தோளைத் தொட்டேன். "விடுங்க. நாளைக்கு ரெண்டு பேருமா பாத்து அடைச்சிடலாம்."

"நாளைக்கு எதுக்கு?" என்றார்.

சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி, என் உள்ளங்கையில் கொட்டினார். மருந்துப் புட்டிக்குப் போடுவது போன்ற குட்டிக் குட்டி ரப்பர் மூடிகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூரைமேல் ஏறினார். கேபினுக்குள் நான் நின்று பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு சொட்டாக நின்றது. முதலில் நாத்தனார் தலைமாட்டில், பிறகு கால்மாட்டில், கடைசியாக மாமனாரின் தொப்புளுக்கு மேலே.

"நீங்களே போட்ட ஓட்டையா?" என்றேன், இவர் உள்ளே வந்ததும்.

"அக்கா படுக்கிற இடம், அப்பா படுக்கிற இடம், ரெண்டையும் அளந்துதான் போட்டேன்." சொல்லிவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "வாய்தான் எனக்கு வராதே. கைக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன்."

"ஊரெல்லாம் சிரிக்குமே! இனிமே எவன் உங்களை நம்பி மாடியைக் கொடுப்பான்?"

"சிரிக்கட்டும்" என்றார், ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

ஊர் சிரித்தது. மூலைக் கட்டடத்து மாடி வேலை வேறொருவருக்குப் போனது. மிஞ்சியிருக்கும் வேலைகளை இவர் முன்னைவிடக் கவனமாகச் செய்கிறார். நேற்று மளிகைக் கடையில் எதிர்வீட்டுக்காரி என்னை நிறுத்தினாள்.

"ஏங்க, உங்க படகை ஒரு நாள் பாக்கலாமா? பயங்கரமா ஒழுகுதாமே?"

"அதை ஏன் கேக்குறீங்க!" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "மூணாவது மனுஷர் உள்ள வந்தா உக்கார முடியாது."