நாங்கள் ஒரு சிறு குழு

விடுப்பின் முதல் நாள் காலையில் அவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறவனைப்போல உட்கார்ந்திருந்தான். தான் எழுதிய பழைய மென்பொருள் இருக்கும் தளத்தின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னொரு முறை தப்பானால் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லும். கூடத்தில் மனைவி பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் இந்த விடுப்பு. அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். கூடத்துச் சுவரில் ஈரம் ஏறி மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. சோபாவுக்குப் பின்னால் தினமும் கைப்பிடி அளவு வெள்ளைத் தூளைப் பெருக்கியெடுக்க வேண்டியிருந்தது. வாங்கி வந்த பெயிண்ட் டப்பாக்கள் கதவோரம் நின்று நின்று, வீட்டுச் சாமான்களில் ஒன்றாகவே ஆகிவிட்டன.

"என்ன, உள்ள விட மாட்டேங்குதா உங்க சின்ன வீடு?" என்றாள் அவள், குனிந்தபடியே.

அந்த மென்பொருளுக்கு அவள் வைத்த பெயர் அது. முதலில் கேலியாகச் சொன்னாள், பிறகு சில வருடங்கள் கோபமாகச் சொன்னாள், இப்போது அது வெறும் பெயர்தான். அதன் உண்மைப் பெயர் புள்ளி. சாதாரணப் பாடப்புத்தகத்தைக் கொடுத்தால், பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தாக மாற்றி, அதற்கென்று உள்ள அச்சு இயந்திரத்துக்கு அனுப்பும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், முழுசாக நகல் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வளர்த்துக்கொள்ளலாம். எழுதியவர்களுக்குக் காலணா கிடையாது. எப்போதாவது யாராவது நன்றி சொல்லி எழுதுவார்கள். அந்த நன்றிக்குக் கீழேயும் ஒரு புகார் இருக்கும்.

அவனுக்குச் சோறு போடுவது ஒரு குளிர்பதனக் கிடங்கு. எந்தப் பெட்டி எந்த அறையில் எந்தக் குளிரில் கிடக்கிறது என்று கணக்கு வைக்கும் கணினியைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. புள்ளியை எழுதியது இளவயதில், கூடப் படித்த நண்பனோடு சேர்ந்து. இணையத்தில் அந்த நண்பனின் பெயர் ஒட்டகம். கழுத்து நீளம் என்பதால் வந்த பெயர். இரண்டு பேரும் சனி ஞாயிறு என்று பார்க்காமல் உழைத்தார்கள், பள்ளிக்கூடங்கள் எடுத்துப் பயன்படுத்தின, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். பிறகு ஒட்டகத்துக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒரு நாள், "இனிமே என்னால முடியாதுடா" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நழுவிவிட்டான். புகார்கள் மட்டும் நழுவவில்லை. கணக்குப் பாடத்தில் பின்னம் சரியாக வரவில்லை, அட்டவணை சாய்கிறது, பக்க எண் தாவுகிறது என்று ஆபீஸ் முடிந்து வந்து திறந்தால் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும்.

காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாலையில்தான் அவன் காவலுக்கு ஒரு வாட்ச்மேனை வைத்தான். அது ஒரு சின்ன தானியங்கி. யார் எதை எழுதிப் போட்டாலும் உடனே ஒரு பதில் அனுப்பும்: "வணக்கம். உங்கள் அக்கறைக்கு நன்றி. நாங்கள் ஒரு சிறு குழு. ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறோம். எங்களில் ஒருவர் விரைவில் பார்ப்பார். இரண்டு மாதம் அசைவில்லாமல் இருந்தால் இது தானாக மூடிக்கொள்ளும். தவறாக எண்ண வேண்டாம்." இரண்டு மாதம் யாரும் ஒன்றும் எழுதாவிட்டால் சொன்னபடியே மூடிவிடும். யாராவது அதன் கீழ் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அப்போது அந்தக் குழுவில் இருந்தது அவன் ஒருவன்தான். 'நான்' என்று எழுதினால் பரிதாபமாக இருக்கும் என்று 'நாங்கள்' என்று போட்டான். வாட்ச்மேன் வந்தபின் இரைச்சல் அடங்கியது. அடங்கியதும் அவன் பார்ப்பதைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். புகார் வராததால் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டான். அதாவது, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன வாரம் பார்வையற்றோர் பள்ளி டீச்சர் ஒருவர், வாட்ச்மேன் நிற்காத வழியாக, அவனுடைய சொந்த முகவரிக்கே எழுதியிருந்தார். பள்ளிக்குப் புதுக் கணினிகள் வந்திருக்கின்றன, புள்ளி அவற்றில் திறக்கவே மாட்டேன் என்கிறது, பழையவற்றைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. கடைசி வரியில், "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரி அவனை ஆபீஸில் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. மறுநாளே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான்.

பாஸ்வேர்டு ஒருவழியாக மதியம் ஞாபகத்துக்கு வந்தது. மகள் பிறந்தபோது அவளுக்கு வைக்க நினைத்து வைக்காமல் விட்ட பெயர். இப்போது அவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உள்ளே போனதும் அவன் முதலில் ஒட்டகத்துக்குத்தான் போன் செய்தான்.

"ஒரு நாலு நாள் கூட உக்காருடா. நீ எழுதின பகுதி எனக்குப் புரியவே மாட்டேங்குது."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். "எனக்கே புரியாதுடா இப்ப. அந்தப் பேரக் கேட்டாலே கழுத்து வலிக்குது. நீயும் விட்டுத் தொலையேன்."

"பிள்ளைங்க பரீட்சை எழுதணும்டா."

"நம்ம ரெண்டு பேரும் செத்துட்டா அதுங்க எழுதாதா?" என்றான் ஒட்டகம். கோபமெல்லாம் இல்லை, அலுப்புதான். அவனைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அதன் பிறகு அவன் தனியாகவே உட்கார்ந்தான். புள்ளி எந்தெந்தச் சின்னச் சின்ன நிரல்களின் தோளில் ஏறி நின்றதோ, அவற்றில் பாதி இப்போது உயிரோடு இல்லை. அவற்றை எழுதியவர்களும் எங்கேயோ போன் எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றை மாற்றினால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொன்று விழுந்தது. அதை நிமிர்த்தினால் மூன்றாவது முறைத்தது. தான் எழுதிய வரிகளையே, எந்த மடையன் இப்படி எழுதினான் என்று திட்டிவிட்டு, ஓரத்தில் தன் பெயரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. டீ ஆறி ஏடு படிந்தது. கூடத்தில் மனைவி சுரண்டி முடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் பூச்சுக்கும் வந்துவிட்டாள். உயரமான இடங்களை மட்டும் விட்டு வைத்திருந்தாள். அவளுக்கு எட்டாது. அதற்காக அவனைக் கூப்பிடவும் இல்லை. அவள் கூப்பிடாததுதான் அவனுக்கு உறுத்தியது.

நான்காம் நாள் முற்பகலில் புள்ளி திறந்தது. அவன் ஒரு பக்கப் பாடத்தைக் கொடுத்தான். ஆறாறாகப் புள்ளிகள் திரையில் வரிசை கட்டி நின்றன. பின்னம்கூடச் சரியாக வந்தது. பின்னத்துக்குள் பின்னம் வந்தால் குழம்பும் பழைய வியாதியையும் போகிற போக்கில் தீர்த்திருந்தான். இந்தச் சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. உடனே டீச்சருக்குப் போன் போட்டான்.

"அய்யய்யோ சார், உங்களுக்குச் சொல்ல மறந்தே போயிட்டேன்," என்றார் டீச்சர். "முந்தாநாளே சரியாயிடுச்சு சார். வேற ஸ்கூல்ல கேட்டேன். அவங்கல்லாம் ரொம்ப நாளா இன்னொரு புள்ளிதான் வச்சிருக்காங்களாம். உங்களோடது மாதிரியேதான் இருக்கு, ஆனா ஓடுது." பிறகு, தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியதோ என்னவோ, "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன் சார்" என்றார்.

"பரவால்லங்க. பிள்ளைங்களுக்கு வேலை நடந்தா சரி," என்றான் அவன். அதை மனதாரத்தான் சொன்னான். ஆனாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இன்னொரு புள்ளியைத் தேடிப் போனான். அவனுடையதன் நகல்தான். அதன்மேல் யாரோ பொறுமையாக வேலை செய்திருந்தார்கள். அவன் நான்கு நாள் முட்டி மோதிய இடங்களை எப்போதோ, அவனைவிட அழகாகக் கடந்திருந்தார்கள். அப்படிச் செய்தவரின் பெயர் ஜன்னலோரம். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவன் தன் புள்ளிக்குத் திரும்பி வந்து, வாட்ச்மேன் மூடிய குவியலுக்குள் தேடினான்.

இருந்தது. ஜன்னலோரம் முதலில் எழுதியது உதவிக் கடிதம். "அட்டவணை சாய்வதைச் சரிசெய்துவிட்டேன், இணைத்திருக்கிறேன். இன்னும் செய்ய ஆசை. யாரிடம் பேச வேண்டும்?" வாட்ச்மேன் வணக்கம் சொல்லியிருந்தான். எங்களில் ஒருவர் விரைவில் பார்ப்பார். இரண்டு மாதம் நெருங்கியதும் அவர், "இன்னும் இருக்கிறேன்" என்று எழுதி, மூடாமல் காத்திருந்தார். அடுத்த தவணை நெருங்கியதும் மறுபடி, "இன்னும் இருக்கிறேன்." அதற்கடுத்தும் அதே. ஒரு முறை தவறவிட்டார் போலிருக்கிறது, வாட்ச்மேன் மூடிவிட்டான். அவர் மீண்டும் திறந்து, "மன்னிக்கவும், ஊரில் இல்லை. இன்னும் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். இப்படியே இரண்டு வருடம். கடைசியாக, "நீங்கள் எல்லோரும் வேலையாக இருப்பீர்கள் என்று புரிகிறது. ஒரு நகல் எடுத்துக்கொண்டு போகிறேன். கோபமில்லை." அதற்கும் வாட்ச்மேன், உங்கள் அக்கறைக்கு நன்றி என்றிருந்தான்.

நீங்கள் எல்லோரும். அவன் லேப்டாப்பைப் பாதி மூடினான். வெட்கமாக இருந்தது. அதோடு, ஒளிப்பானேன், பொறாமையாகவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில், முதுகிலிருந்து மூட்டையை யாரோ இறக்கியது மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கமாக இருந்தது.

மனைவி கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆக, சின்ன வீட்டுக்கு வேற ஆள் வந்து ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத்தான் தெரியல," என்று சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நகக்கண்ணிலிருந்த பெயிண்டைச் சுரண்டியபடி சொன்னாள்: "என்னால முடியலன்னு ஒரு போர்டு மாட்டியிருந்தா, அவங்க ரெண்டு வருஷம் வாசல்ல நின்னிருக்க மாட்டாங்கல்ல?"

மாட்டியிருக்கலாம். ஆனால் முடியவில்லை என்று எழுத, முடிந்த நாட்களில் இருந்ததைவிட அதிகத் தெம்பு வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் எழுதினான். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் மூன்றே வரி நின்றது. இந்தப் புள்ளியை இனி யாரும் பார்ப்பதில்லை. உயிரோடு இருப்பது ஜன்னலோரத்தின் புள்ளி, அங்கே போங்கள். காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். முதல் பக்கத்தின் உச்சியில் அதை மாட்டிவிட்டு, தன் வாட்ச்மேனை நிறுத்தினான். ஒரு சொடுக்கில் நின்றுவிட்டான், பாவம். அவன்மீது ஒரு தப்பும் இல்லை.

மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்ப்போமே என்று ஜன்னலோரத்தின் புகார்ப் பட்டியலைத் திறந்து, அவர் பெயரிட்ட பதில்களை மட்டும் பிரித்துப் பார்த்தான். அங்கேயும் குவிந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் அன்றன்றைக்கே பதில் சொல்லியிருந்தவர், பிறகு வாரக் கணக்கில் தள்ளியிருந்தார். கடைசியாக யாருக்கோ, "வீட்டில் உடம்பு சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதியிருந்தார். அது எழுதிப் பல மாதமாகிவிட்டது. அதன்பின் அவர் கையால் யாருக்கும் எதுவும் இல்லை. புகார்த் தலைப்புகளில் கடைசியாக ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தது, பின்னத்துக்குள் பின்னம் வந்தால் குழம்புகிறது என்று.

அது அவனிடம் இருந்தது. அவன் அதைத் தனியாக வெட்டியெடுத்து, அவருடைய நிரலுக்குப் பொருந்தும்படி தைத்து, சோதித்துப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வருகிற வழியாகவே அனுப்பினான். தான் யார் என்று சொல்லவில்லை. "பின்னத்தைச் சரிசெய்திருக்கிறேன். இன்னும் செய்ய ஆசை" என்று மட்டும் எழுதினான். எழுதிய பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அழிக்கவில்லை.

பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினான். மனைவி விட்டு வைத்திருந்த உயரம் முழுவதும் அவனுக்காகக் காத்திருந்தது. முதல் இழுப்பிலேயே தோள்பட்டை முனகியது. ரோலரை ஒருமுறை ஏற்றி இறக்கியிருப்பான், ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. அவன் இறங்கிய வேகத்தில் ஏணி ஆடியது. பதில் வந்திருந்தது.

"யாருங்க?" என்றாள் மனைவி, ஏணியைப் பிடித்தபடி.

அவன் படித்தான். வணக்கம். உங்கள் அக்கறைக்கு நன்றி. நாங்கள் ஒரு சிறு குழு. ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறோம். நகல் எடுத்தபோது வாட்ச்மேனும் கூடவே போயிருக்கிறான். ஒரு சொல்கூட மாறவில்லை. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு எழுதிய ஒவ்வொரு கமாவும் அப்படியே இருந்தது.

"வாட்ச்மேன்," என்றான்.

"யாரும் இல்லையா அங்க?"

"இருக்காங்க. ஒருத்தர் இருக்காங்க."

அவன் விளிம்பில் சாய்ந்து நின்று, பெயிண்ட் ஒட்டிய கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான். அவசரமில்லை, இங்கேதான் இருக்கிறேன். அனுப்பிவிட்டு, போனைத் திரை மேலே தெரியும்படி வைத்து, ஏணியில் ஏறினான். போனின் கண்ணாடியில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது.