தட்டாமல் நுழைந்தவர்

நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் போகும் இடமெல்லாம் கதவுகள் தாமாகத் திறந்துதான் பழக்கம். அன்றும் கைத்தடியால் கதவைத் தள்ளிக்கொண்டு விறைப்பாக அறைக்குள் நுழைந்தார்.

இனி வைத்தியம் பலிக்காது என்றானவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. அங்கே மருமகள் வாரந்தோறும் தொண்டராகப் போய்வருவது காலையில்தான் அவர் காதுக்கு எட்டியது. முன்பின் தெரியாதவர்களுக்கு நகம் வெட்டி, தலை துவட்டுகிறாளாம். குடும்பப் பெயர் என்ன ஆவது? கையோடு கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒருவர் சாய்ந்திருந்தார். முகத்தில் பாதி மழமழவென்றிருந்தது. மறுபாதியில் சோப்பு நுரை. ரேசர் மருமகள் கையில்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம்."

அவள் நிதானமாகத் திரும்பினாள். "மாமா, வெளிய போய் கதவைத் தட்டிட்டு வாங்க."

"என்னது?"

"இது அவரோட ரூம். நினைவில்லாம படுத்திருக்கிறவங்க ரூமுக்கும் நாங்க தட்டிக் கேட்டுட்டுதான் வருவோம். டாக்டரும் அப்படித்தான்."

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் கரகரத்தது. "விடும்மா. காலம்பூரா பஸ் ஓட்டினவன் நான். ஹாரன் அடிக்காம குறுக்க வர்றவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

பெரியவருக்குக் காது மடல் சுட்டது. "இவ யாருன்னு தெரியுமா? ஜட்ஜ் வீட்டு மருமக!"

"அப்படியா? ஒரு தடவைகூட சொன்னதில்லையே." ஓட்டுநர் மூச்சு வாங்கினார். "பேச்சுவார்த்தை இல்லாம இருந்த தங்கச்சி இப்ப வர்றா. என்னைப் பாத்து பயந்துடக் கூடாது. பாதியில கூட்டிட்டுப் போயிடாதீங்கய்யா. அரைத் தாடியோட எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

பெரியவர் உள்ளே வந்தால் நீதிமன்றமே எழுந்து நிற்கும். இங்கே எழ முடியாத ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்பதுதான் நியாயம் என்றும் பட்டது. நியாயம் என்று பட்டதற்கு எதிராக அவர் ஒருநாளும் தீர்ப்பு எழுதியதில்லை.

வெளியே போனார். கதவைச் சாத்தினார். காலரைச் சரிசெய்துகொண்டு தட்டினார்.

"உள்ள வரலாமா?"

"வாங்கய்யா, வாங்க!"

தண்ணீர்க் கிண்ணத்தை மருமகள் அவரிடம் நீட்டினாள். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏந்திக்கொண்டார். ஓட்டுநரின் தளர்ந்த கன்னத்தை அவள் இரு விரலால் இழுத்துப் பிடித்து, ஒரு கீறல் விழாமல் ரேசரை இறக்கினாள். தம் வீட்டில் இப்படி ஒரு கை இருப்பது இத்தனை நாளும் அவருக்குத் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்து முடிக்கவும் கதவு தட்டப்பட்டது. தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே! மாப்பிள்ளை மாதிரில்ல இருக்க!" அழுகையும் சிரிப்புமாக வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாரு பெத்த பிள்ளையோ தாயி?"

மருமகள் வாய் திறப்பதற்குள் பெரியவர் முதுகை நிமிர்த்தினார். கையில் நுரைத்தண்ணீர் தளும்பியது.

"எங்க வீட்டுப் பொண்ணும்மா" என்றார்.